ரைஸ் குக்கர்ல சோறு வேகல, அதுக்குள்ள தண்ணி தீந்துருது. தண்ணி எவ்வளவு வெக்கணும்? அவசரம்

புதுவீடு | காலை 6.52
வணக்கங்க. ரைஸ் குக்கர்ல சோறு வேக மாட்டேங்குது. சுவிட்ச் வழக்கம்போல டக்குனு மேல வந்துருது. தெறந்து பாத்தா தண்ணி சுத்தமா இல்ல, ஆனா பருக்கையை நசுக்குனா நடுவுல வெள்ளையா வெறைச்சு நிக்குது. அடியில லேசா பிடிக்கவும் செய்யுது. அளவெல்லாம் சரியாத்தான் வெக்கறேன். வீட்ல இதே குக்கர்ல நல்லா வந்துட்டு இருந்துச்சு. குக்கர் போச்சா, இல்ல தண்ணி கூட வெக்கணுமா? எட்டரைக்கு டியூட்டி, டப்பாவுல சோறு கட்டணும். சீக்கிரம் சொல்லுங்க.

அடுப்பங்கரை | காலை 6.58
என்ன அரிசிங்க? பச்சரிசியா, புழுங்கலா? சரியான அளவுன்னா எத்தனைக்கு எத்தனை? ஊற வெக்கறீங்களா இல்லையா? இதைச் சொல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

வயர்மேன் | காலை 7.03
வோல்டேஜ் பாருங்க தம்பி. காலையில எல்லார் வீட்டுலயும் மோட்டார் ஓடும். 230 வர வேண்டிய இடத்துல 190தான் வரும். ஹீட்டரோட சூடு வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும். அதாவது 700 வாட் குக்கர் 190 வோல்ட்டுல 480 வாட்கூட இழுக்காது. அப்புறம் எங்க வேகும்? ஒரு ஸ்டெபிலைசர் போட்டுப் பாருங்க.

அரிசிமண்டி | காலை 7.10
மூட்டை மாத்துனீங்களா? அதுதான் முதல் கேள்வி. புது நெல்லு அரிசி கொஞ்சத் தண்ணியிலயே குழைஞ்சுரும். வருசம் ஆன பழைய அரிசி தண்ணியை இழுத்துக்கிட்டே இருக்கும், ஆனா சோறு நல்லா ஒதுங்கும். பழசுன்னா டம்ளருக்கு அரை டம்ளர் கூட வைங்க. மூட்டையில இருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்க. பழைய அரிசி லேசா பழுப்பேறி, கையில தவிடு ஒட்டாம சரசரன்னு இருக்கும்.

தராசு (மூத்த உறுப்பினர்) | காலை 7.15
இந்தக் கேள்வி இங்க மாசம் ஒருதடவை வருது. பழைய இழையைத் தேடிப் பாக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. குக்கரோட ஒரு பிளாஸ்டிக் கப்பு வந்திருக்குமே, அது எங்க? அது 180 மில்லி, ஜப்பான்ல அரிசி அளக்குற அளவு. ஒரு கப்புக்கு ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். உள்பாத்திரத்துல 1, 2, 3ன்னு இருக்கிற கோடெல்லாம் அந்தக் கப்புக்குப் போட்டது. கையேட்டுல முதல் பக்கத்துலயே இருக்கும். படிச்சிருந்தா இந்த இழையே தேவையில்லை.

புதுவீடு | காலை 7.21
புழுங்கல் அரிசிங்க. ரெண்டு டம்ளர் அரிசி, தண்ணி உள்ள இருக்கிற 2ங்கற கோடு வரைக்கும். கப்பு அம்மாகிட்ட இருக்கு. வீட்ல அம்மா பச்சரிசிதான் வெப்பாங்க. ஊற வெக்க நேரம் இல்ல. வயர்மேன் அண்ணா, நான் தம்பி இல்லீங்க. இன்னிக்கு கேன்டீன்தான், சாயங்காலம் வந்து பாக்கறேன்.

அடுப்பங்கரை | காலை 7.30
இப்பத்தான் விசயம் வருது. அரிசியை ஒண்ணுல அளந்து, தண்ணியை இன்னொண்ணுல அளக்கறீங்க. வீட்டு எவர்சில்வர் டம்ளர் பல இடத்துல 200 மில்லிக்கு மேல பிடிக்கும். ரெண்டு டம்ளர்னா குக்கர் கப்புக்கு ரெண்டைத் தாண்டிருச்சு. இதுல இன்னொண்ணும் இருக்கு. கோடு வரைக்கும்னு ஊத்தும்போது அரிசியே இடத்தைப் பிடிச்சுக்கும். அரிசி கூடக் கூட, அந்தக் கோட்டுக்கு ஊத்துற தண்ணி குறையும். ரெண்டு பக்கமும் இடிக்குது. போதாததுக்கு அந்தக் கோடு வெள்ளை பச்சரிசிக்குப் போட்டது, புழுங்கலுக்கு இல்ல.

குகை அக்கா | காலை 9.12
கண்ணு, டம்ளர்னா எந்த டம்ளர்? காபி டம்ளரா, தண்ணி டம்ளரா? எங்க வீட்ல இன்னமும் பித்தளை ஆழாக்குதான். தலைதட்டி ஒரு ஆழாக்கு அரிசி, அதே ஆழாக்குல ரெண்டரை தண்ணி. புழுங்கல்னா மூணு. அதுவும் இல்லையா, விரலை வெச்சுப் பாரு. அரிசிக்கு மேல முதல் கணு வரைக்கும் தண்ணி நிக்கணும். எங்கம்மா அப்படித்தான் வெச்சாங்க.

தராசு | காலை 9.20
ஆழாக்குங்கறது 168 மில்லி. எட்டு ஆழாக்கு ஒரு படி, 1,344 மில்லி. குக்கர் கப்பு 180. ரெண்டும் ஒண்ணு இல்ல. மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்தது 1956ல. இன்னும் ஆழாக்கு, விரல் கணுன்னு சொல்லிக்கொடுத்தா புதுசா சமைக்கிறவங்க எப்படிக் கத்துக்குவாங்க?

குகை அக்கா | காலை 9.34
எங்க மாமியார் ஆழாக்கு உங்க கணக்குக்கு வராது, கொஞ்சம் பெருசு. அது எத்தனை மில்லியா இருந்தா எனக்கென்னங்க? அரிசியும் அதுல, தண்ணியும் அதுல. ஒண்ணுக்கு மூணு எப்பவும் ஒண்ணுக்கு மூணுதான். மில்லி தெரிஞ்சு அளந்து, கோட்டைப் பாத்து ஊத்தினவங்கதான் இப்ப வேகலன்னு நிக்கறாங்க.

அரிசிமண்டி | காலை 9.41
அக்கா சொல்றது சரி. படியே ஊருக்கு ஊரு மாறும். எங்க பக்கம் நாலு படி ஒரு வள்ளம்னு கணக்கு, வேற ஜில்லாவுல போய்க் கேட்டா வேற சொல்லுவாங்க. அளவை எதுவா இருந்தாலும் கை மாறாம இருக்கணும், அவ்வளவுதான்.

தராசு | காலை 9.50
அப்ப ஒருத்தர் சொன்ன அளவை இன்னொருத்தர் எப்படிச் செஞ்சு பாக்கிறது? 'எங்க வீட்டு ஆழாக்கு'ன்னா அது உங்க வீட்டோட முடிஞ்சுது. உதவின்னு ஒருத்தர் கேக்கும்போது எல்லார் வீட்டுலயும் ஒரே மாதிரி இருக்கிற அளவைத்தான் சொல்லணும். நான் கேக்கறது அதுதான்.

அடுப்பங்கரை | காலை 10.05
விகிதம் சொன்னா எந்த வீட்டுலயும் செய்யலாமே. அந்த விகிதத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு, அதை யாரும் சொல்லல. அரிசி குடிக்கிற தண்ணி அரிசியோட சேந்து கூடும். ஆவியாப் போற தண்ணி அப்படிக் கூடாது. ஒரு டம்ளர் வெச்சாலும் மூணு டம்ளர் வெச்சாலும் மூடி ஓட்டை வழியா போறது கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அதனால ஒரு ஆளுக்கு வெக்கறப்ப விகிதத்தைவிட ஒரு கை கூட ஊத்தணும். பத்துப் பேருக்கு வெக்கறப்ப குறைக்கணும். விரல் கணு பச்சரிசிக்கு வேலை செய்யறதும் இதனாலதான். அரிசிக்கு நடுவுல இருக்கிற சந்து தண்ணியில நிறைஞ்சுரும், மேல நிக்கிற கணு ஆவிக்கு. புழுங்கலுக்கு அது பத்தாது, அகலப் பாத்திரத்துக்கும் ஒத்துவராது.

வயர்மேன் | காலை 10.40
எல்லாம் சரிங்க, வோல்டேஜை யாரும் பாக்க மாட்டேங்கறீங்க. டெஸ்டர் வெச்சா தெரியாது, மல்டிமீட்டர்தான் வெக்கணும்.

பிளஸ்டூ வாத்தியார் | மதியம் 1.15
வயர்மேன் அண்ணா, நீங்க சொன்ன வர்க்கக் கணக்கு சரி. ஆனா முடிவு நேரெதிர். வாட் குறைஞ்சா தண்ணி மெதுவா கொதிக்கும், மெதுவாத்தான் வத்தும். அப்ப அரிசி கூட நேரம் தண்ணிக்குள்ள இருக்கும். இவங்களுக்கு நடக்கறது வேற. தண்ணி வழக்கம்போலத் தீருது, அரிசி மட்டும் வேகல.

கேட்டவங்க 'வீட்ல நல்லா வந்துச்சு'ன்னு எழுதியிருக்காங்க. அப்ப இப்ப இருக்கிறது வீடு இல்ல. எந்த ஊருல இருக்கீங்க?

குகை அக்கா | மதியம் 1.30
பேசாம உலை வெச்சு வடிச்சுரச் சொல்லுங்க. கஞ்சியும் கிடைக்கும், சோறும் பொலபொலன்னு நிக்கும்.

தராசு | மதியம் 1.42
வடிச்சா கஞ்சியோட பி வைட்டமினும் போகும். கேட்டது குக்கரைப் பத்தி.

குகை அக்கா | மதியம் 1.50
கஞ்சியை யாருங்க கீழ ஊத்தறது? உப்பு போட்டுக் குடிக்கிறதுதானே. அதுவும் புழுங்கல் அரிசியில, நெல்லை அவிக்கறப்பவே சத்து உள்ள இறங்கிரும்னு நீங்களே போன வாட்டி எழுதுனீங்க.

புதுவீடு | இரவு 7.08
ஏற்காடுங்க, ஒண்டிக்கடை பக்கம் ரூம் எடுத்திருக்கேன். வீடு சேலம் அம்மாப்பேட்டை. ஊருக்கும் சோத்துக்கும் என்னங்க?

பிளஸ்டூ வாத்தியார் | இரவு 7.25
அதுலதான் பாதி விசயம் இருக்குங்க. சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் பக்கம். ஏற்காடு 1,500 மீட்டர். ஏற ஏறக் காத்தோட அழுத்தம் குறையும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி முன்னாடியே தண்ணி கொதிக்க ஆரம்பிச்சுரும். சேலத்துல 99ல கொதிக்கிற தண்ணி உங்க ரூம்ல 95லயே கொதிக்கும். எவ்வளவு தீ வெச்சாலும், மூடி லேசா இருக்கிற பாத்திரத்துல அதுக்கு மேல ஏறாது. பச்சரிசி அந்தச் சூட்டுலயும் சமாளிச்சுரும். புழுங்கல் ஏற்கனவே வெந்து காஞ்சு இறுகினது, அதுக்கு நேரம் வேணும்.

சாதா குக்கருக்கு நேரம் பாக்கத் தெரியாது. பாத்திரத்துக்கு அடியில நடுவுல ஒரு பட்டன் மாதிரி இருக்கும். அதுக்குள்ள காந்தம். தண்ணி இருக்கிற வரைக்கும் பாத்திரத்து அடி கொதிநிலையைத் தாண்டாது. தண்ணி தீந்ததும் சூடு மளமளன்னு ஏறும், 100ஐக் கொஞ்சம் தாண்டினதும் காந்தம் பிடியை விட்டுரும், சுவிட்ச் மேல வந்துரும். அரிசி வெந்துச்சா இல்லையான்னு அது பாக்கறதே இல்ல. நீங்க ஊத்துற தண்ணிதான் அதுக்குக் கடிகாரம்.

ஒரு கணக்கு சொல்றேன். 700 வாட் குக்கர்ல ஒரு கப்பு, அதாவது 180 மில்லி தண்ணி முழுசா ஆவியாக ஏறத்தாழ பத்து நிமிசம். அரைக் கப்பு கூட ஊத்தினா அஞ்சு நிமிசம் கூட வேகும். மேல இருக்கிறவங்களுக்கு அந்த அஞ்சு நிமிசம் தேவை.

வயர்மேன் | இரவு 7.40
ஏற்காடா? அங்க வோல்டேஜ் இன்னும் மோசமாச்சே.

நாகலூர்க்காரன் | இரவு 8.02
வாத்தியார் சொன்னது அத்தனையும் உண்மை. கீழ இருந்து புதுசா வர்றவங்க எல்லாரும் இதே கேள்வியோடதான் வருவாங்க. நாங்க செய்யறதைச் சொல்றேன்ங்க.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அரிசியைக் களைஞ்சு குக்கர் பாத்திரத்துலயே ஊறப் போட்டுருங்க. இங்க குளிருக்குப் புளிக்காது. காலையில எந்திரிச்சு சுவிட்ச் தட்டினா போதும். ராத்திரி மறந்துட்டா, முக்கா மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணியில ஊறட்டும். கோட்டை மறந்துருங்க. ஒரே டம்ளர்ல ஒண்ணுக்கு மூணு, அரிசி பழசா இருந்தா மூணரை. சுவிட்ச் மேல வந்ததும் தெறக்கக் கூடாது. இதுலதான் எல்லாரும் அவசரப்படறாங்க. கால் மணி நேரம் மூடி இருக்கட்டும், உள்ள நிக்கிற ஆவி நடுவெறையை எடுத்துரும். அதுக்கப்புறமும் நின்னா, கால் டம்ளர் சுடுதண்ணியைச் சுத்தி தெளிச்சு மறுபடி தட்டுங்க. பச்சைத்தண்ணி தெளிச்சா சூடு இறங்கி சோறு ஒட்டும்.

தண்ணி கூட வெச்சா நுரை மூடி வழியா வழியும். அரிசியை நாலு தண்ணி களைஞ்சுருங்க, அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்க. பாத்திரத்துல பாதிக்கு மேல ஏத்தாதீங்க. உள்பாத்திரத்தோட அடியையும், ஹீட்டர் பிளேட்டையும் துணியால தொடைச்சுட்டு வைங்க. ஒரு பருக்கை நடுவுல மாட்டினாலும் பாத்திரம் தூக்கிக்கும், சுவிட்ச் முன்னாடியே வந்துரும்.

எங்க மலையில சாமைச்சோறுதான் பழைய சாப்பாடு. சாமை இந்தத் தண்ணியில இந்தக் குளிர்லயும் வெரசா வெந்துரும். சந்தையில கிடைச்சா வாங்கிப் பாருங்க, ஒண்ணுக்கு ரெண்டே கால் தண்ணி போதும்.

அடுப்பங்கரை | இரவு 8.20
பிரஷர் குக்கர் இருந்தா இந்தப் பாடே இல்லையே? வெயிட் போட்டா உள்ள 100ஐத் தாண்டி ஏறுமே.

பிளஸ்டூ வாத்தியார் | இரவு 8.31
ஏறும். சமவெளியில 120 பக்கம் போறது மேல ரெண்டு மூணு டிகிரி குறையும், அவ்வளவுதான். அதுக்கு ஒரு விசில் கூட விட்டா போதும். ரூம்ல கேஸ் இருக்கான்னு அவங்கதான் சொல்லணும்.

தராசு | இரவு 8.45
ஊரை முதல்லயே எழுதியிருந்தா காலையிலயே முடிஞ்சிருக்கும். இனிமே கேள்வி போடறவங்க அரிசி வகை, அளவை, ஊர் மூணையும் எழுதுங்க. நானும் அடுத்தவாட்டி ஊரைக் கேட்டுட்டுத்தான் கையேட்டைப் பத்திப் பேசுவேன்.

புதுவீடு | மறுநாள் காலை 7.49
ராத்திரியே ஊற வெச்சு, ஒரு டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணி, தெறக்காம வெச்சேன். வெந்துருச்சு, நடுவுல வெறை இல்ல. கேஸ் இல்லீங்க. எல்லாருக்கும் நன்றி, பஸ்ஸுக்கு நேரமாச்சு.

அடுப்பங்கரை | காலை 7.55
ஊறுன தண்ணியோட சேத்து மூணா, இல்ல அதை வடிச்சுட்டு புதுசா மூணா? எங்க தம்பியும் மேலதான் எஸ்டேட்ல இருக்கான், அவனுக்குச் சொல்லணும்.

நாகலூர்க்காரன் | காலை 8.10
சேத்துத்தான். முதல்லயே மூணு அளந்து ஊத்தி அதுலயே ஊறணும். வடிச்சுட்டு ஊத்தறதா இருந்தா ரெண்டரை போதும், அரிசி ஏற்கனவே குடிச்சிருக்கும். தம்பி எந்த எஸ்டேட் பக்கம்? கீழ வாழவந்தின்னா இவ்வளவு தேவைப்படாது.