தசமபாக வரைபடத்தில் கையொப்பமிட்ட நில அளவையர் யார்?

ஏடுதேடி: இங்கிலாந்தின் டெவன் கவுண்டியில் 1840களின் தொடக்கத்தில் வரையப்பட்ட ஒரு தசமபாக வரைபடத்தை ஆராய்ந்துவருகிறேன். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுத்துவந்த வழக்கத்தை 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணத்தொகையாக மாற்றியபோது, அதற்காக வயல்வயலாக அளந்து வரைந்த படங்களில் இதுவும் ஒன்று. மூலையில் ஒரு முதலெழுத்தும், தடுக்கி விழுந்தால் தென்படும் அளவுக்குப் பரவலான ஒரு குடும்பப் பெயரும், ‘நில அளவையர்’ என்ற குறிப்பும் உள்ளன. 1841 மக்கள்தொகைக் கணக்கில் இதே பெயரில் 35 வயது ஆள் ஒருவர் அகப்படுகிறார். அவரே இவர் என்று கொள்ளலாமா? நில அளவையர் சங்கத்தின் பதிவேட்டில் உறுதிசெய்ய முடியுமா?

பழங்கணக்கு: சங்கம் தொடங்கியதே 1868இல்தான். மருத்துவர்களுக்கு 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பதிவேடு வந்தது. வழக்கறிஞர்களுக்கு ஆண்டுதோறும் பெயர்ப்பட்டியல் அச்சானது. உங்கள் காலத்து நில அளவையருக்கோ இரண்டும் இல்லை, அளவைச் சங்கிலியும் துணிவும் உள்ள எவரும் அந்தத் தொழிலில் இறங்கலாம். 1841 கணக்கில் பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள் என்பதால், 35 என்றால் 39 வரை எதுவாகவும் இருக்கலாம். பிறந்த ஊரும் அதில் இல்லை. அதே கவுண்டியில் பிறந்தவரா என்பது மட்டுமே உண்டு. மேலும், கணக்கெடுத்த ஜூன் 6 அளவைப்பணி மும்முரமாக நடக்கும் பருவம். அன்றிரவு அவர் வேற்றூர் விடுதியில் தங்கியிருக்கக்கூடும். ஆகவே, பிறந்த ஊரைக் கேட்டு எழுதிய 1851 கணக்கிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அதில் அவர் ஏலக்காரராகவோ பண்ணை மேலாளராகவோ பதிவாகியிருந்தாலும் தள்ளிவிடாதீர்கள். ஒருவரே இவை எல்லாவற்றையும் செய்த காலம் அது.

கியூவாசகர்: முதலெழுத்தை முழுப்பெயராக்குவதே முதல் வேலை என்பேன். தசமபாக ஆவணங்களுக்கு மூன்று படிகள் உண்டு: ஆணையருக்கு ஒன்று, மறைமாவட்டத்துக்கு ஒன்று, ஊர்ச்சபைக்கு ஒன்று. ஆணையர் படி இப்போது லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. வரைபடத்தோடு நின்றுவிடாமல், அதனுடன் சேர்ந்த, எந்த நிலத்துக்கு எவ்வளவு தொகை என்று பிரித்துக் காட்டும் ஏட்டையும் கடைசிப் பக்கம்வரை பாருங்கள். புதிய ரயில்பாதைகள் போடும் மோகம் உச்சத்தில் இருந்த 1845இல், நவம்பர் 30க்குள் பாதைகளின் திட்டப்படங்களைச் சமர்ப்பித்தாக வேண்டும் என்று இருந்ததால், நாட்டிலுள்ள அளவையர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் படங்களின் முகப்பிலும் தேடலாம்.

ஏடுதேடி: மிக்க நன்றி. 1851இல் இருவர் தேறுகிறார்கள். இருவருக்கும் தொழில் நில அளவை, வயது வேறுபாடு இரண்டே ஆண்டு. எப்படிப் பிரிப்பது?

பழங்கணக்கு: அரசிதழான லண்டன் கெசட்டைப் புரட்டுங்கள். நொடித்துப்போனவர் விட்டுச்செல்லும் தடயத்துக்கு இணையாக, நன்றாக வாழ்ந்தவர் எதையும் விட்டுச்செல்வதில்லை. 1861 வரை வணிகர் அல்லாதவர் சட்டப்படி திவாலாக முடியாது. கடனாளிகளுக்கான தனி நீதிமன்றத்துக்கே போகவேண்டும். அதற்கான அறிவிப்பில் ‘முன்பு இன்ன தெரு, பிறகு இன்ன ஊர், அண்மையில் இன்ன இடம்’ என்று, தொழில்களோடு சேர்த்து, முகவரிகளை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். இருவருமே கடன்படாத உத்தமர்கள் என்றால், 1858 முதல் அச்சான உயில் அட்டவணையில் இறந்த நாளையும் இடத்தையும் எடுத்துக்கொண்டு, உயிலையே வரவழையுங்கள். அளவைக் கருவிகளை எந்த மகனுக்கு எழுதிவைத்தார் என்பதுகூட அதில் கிடைக்கலாம்.