புறக்கோட்டையில் என் கையில் திணித்துவிட்டுப் போன பொதி: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

உவர்மலையாள்:
கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெரு எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய கிழமை. திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் போய் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, செட்டியார் தெருவில் நகை வேலையை முடித்துவிட்டுப் பிரதான வீதிக்கு வந்தேன். தங்கையின் மகளுக்கு ஒரு சட்டை வாங்க வேண்டியிருந்தது. நடைபாதையில் நீலப் படங்கு விரித்து ஒருவர் பிள்ளைச் சட்டைகளைக் குவித்து வைத்திருந்தார். விலை 1,200 ரூபாய் என்றார். என்னிடம் இருந்தது ஐயாயிரம் ரூபாய்த் தாள். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மிச்சக் காசை எண்ணத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, மணிக்கூட்டுக் கோபுரப் பக்கமிருந்து ஒரு விசில் சத்தம்.

படங்கின் நான்கு மூலைகளிலும் கயிறு கட்டியிருந்ததை அப்போதுதான் கண்டேன். ஒரே இழுப்பு, கடை மூட்டையாகிவிட்டது. பக்கத்துக் கடை, அதற்கடுத்த கடை, வரிசை முழுவதும் அப்படித்தான். மூட்டைக்குள் அடங்காமல் ஒரு பொதி வெளியே கிடந்தது. அதை எடுத்தார், என் முகத்தைப் பார்த்தார், என் கையில் திணித்தார், இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் ஓடி மறைந்தார். என் ஐயாயிரமும் அவரோடு போய்விட்டது.

பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அங்கேயே நின்றேன். அவர் வரவில்லை. வீட்டுக்கு வந்து பொதியைப் பிரித்தால், உள்ளே அளவு வாரியாக மடித்த சட்டைகள். எனக்கு வரவேண்டிய மிச்சக் காசைவிட அவற்றின் பெறுமதி நிச்சயமாகக் கூட. கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனாரா, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாரா? அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் இதே யோசனைதான்.

கிண்ணியாப் பலசரக்கு:
வைத்திருக்கத்தான் தந்திருக்கிறார், சகோதரி. சந்தேகமே வேண்டாம்.

என் கதை நான்காம் குறுக்குத் தெருவில் நடந்தது. வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய் எல்லாம் எடுத்து ஒரு நாட்டாமையின் (சுமை தூக்குபவரின்) கைவண்டியில் ஏற்றினேன். புதிய ஆள். ஊருக்குச் சாமான் ஏற்றும் லொறி நிற்கும் இடத்தைச் சொன்னேன், தலையாட்டினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போக நான் பின்னால் போனேன். குறுக்கே ஒரு லொறி பின்பக்கமாக வந்தது. அது விலகியபோது வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு மாதக் கடைச் சாமான்! முதலாம் குறுக்குத் தெருவரை ஓடினேன், திரும்பினேன், பார்த்தவரையெல்லாம் கேட்டேன். கடைசியில் லொறிக்குப் போனால், மனிதர் என் வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் அவருக்குத்தான் கோபம் வந்தது. "முதலாளி, இவ்வளவு நேரமும் எங்கே போனீர்கள்? காவல் காக்க எனக்கு வேறு வேலை இல்லையா?" காவல் காத்ததற்கும் சேர்த்துக் கூலி வாங்கினார். கொடுத்தேன்.

பாலையூற்று ஓய்வூதியர்:
கிண்ணியாக்காரர் ஒரு நல்ல நாட்டாமையைப் பார்த்துவிட்டு ஊரையே நல்லதாக்குகிறார். ஐயாயிரம் போனது போனதுதான். ஓடுகிறவனுக்கு மிச்சக் காசை நீட்ட ஒரு நொடி போதும்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். மாரி மழை கொட்டியபோது கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் குடை வாங்கினேன். பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிய பெருமையோடு விரித்தால், உள்ளே ஒரு வங்கியின் பெயர் பெரிய எழுத்தில். வங்கி சும்மா கொடுத்த குடை! அந்தக் குடையோடுதான் ஊர் வந்து சேர்ந்தேன்.

இனிப் போகிறவர்கள் கவனியுங்கள். போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறையில்) போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் பூட்டு. வெள்ளி நண்பகலில் ஜும்மாவுக்காகப் பல கடைகளை மூடுவார்கள், அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரச் சாமான், கைத்தொலைபேசிப் பொருட்களுக்கு முதலாம் குறுக்குத் தெரு. துணிக்கு இரண்டாம் குறுக்குத் தெரு. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது, 1909இல் கட்டி முடித்தது, வழி தவறினால் அதைக் கேட்டு வாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துச் சரக்குக்கு கபோஸ் லேன். மரக்கறி மொத்த வியாபாரம் நடந்த மெனிங் சந்தை 2020இலேயே பேலியகொடைக்குப் போய்விட்டது. இன்னமும் அதைத் தேடிப் புறக்கோட்டையில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிதக்கும் சந்தையை 2014இல் திறந்தார்கள், பார்க்கலாம், வாங்க அங்கே போக வேண்டாம். நூறு, ஐந்நூறு தாள்களை ஒரு பையிலும் பெரிய தாளை வேறு பையிலும் வையுங்கள். ரயிலில் திரும்புவதென்றால் டிக்கெட்டை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். பழுதென்றால் மாற்றித் தருவாரா என்று காசு கொடுக்குமுன் கேளுங்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

வடகரை வீதி வாசி:
ஐயா, அவர் கேட்டது ஒன்று, நீங்கள் சொல்வது வேறு.

என்னை விடாமல் பிடித்திருப்பது கொழும்பு இல்லை, சென்னை. மாம்பலம் ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் உஸ்மான் சாலைவரை நீளும் ரங்கநாதன் தெரு. அங்கே நடப்பதில்லை, கூட்டம் கொண்டுபோய் விடும். ஒரு ஓரத்தில் வயதான அம்மா ஒருவர் ஊக்கும் கிளிப்பும் பொட்டும் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு அட்டை ஊக்கு என்ன விலை என்று கேட்டேன், அவ்வளவுதான். நிமிர்ந்து, "எந்த இடம்?" என்றார். இலங்கை என்றேன். "அது தெரிகிறது. இலங்கையில் எந்த இடம்?" திருகோணமலை என்றதும் கையிலிருந்த அட்டைகளைக் கீழே வைத்துவிட்டார். தொண்ணூறில் மன்னார் வழியாகப் படகேறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தவராம்.

கோணேசர் கோயிலைப் பற்றிக் கேட்பார், சொந்தக்காரரைக் கேட்பார் என்று காத்திருந்தேன். "இப்போது அங்கே பாரை மீன் கிலோ என்ன விலை?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவா!" என்று வாயில் கை வைத்தார். நாங்கள் இருந்த காலத்தில் இன்ன விலை என்று அவர் தொடங்குவதற்குள், யாரோ ஒரு பெண் குனிந்து பொட்டு விலை கேட்டாள், அவர் அந்தப் பக்கம் திரும்பினார், பின்னாலிருந்து கூட்டம் என்னைத் தள்ளிவிட்டது. எந்தத் தெருவில் இருந்தார் என்றுகூடக் கேட்கவில்லை. பழைய விலையும் தெரியாமலே போய்விட்டது.

சாம்பல்தீவான்:
ஓய்வூதிய ஐயாவுக்கு ஒரு பதில். ஒரு நொடி போதும் என்கிறீர்கள். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு நான் அந்த நடைபாதையில்தான் ஒருவரிடம் கூலிக்கு நின்றேன். மாநகரசபை லொறி வந்து நடைபாதைச் சரக்கை அள்ளினால் அபராதம் ஒரு பக்கம். அந்தச் சரக்கில் பாதி, நாள் வட்டிக்கு எடுத்த காசில் வாங்கியது. மிச்சக் காசு எண்ணுகிற கையால் கயிற்றை இழுக்க முடியாது. விசில் கேட்டால் எது கையில் இருக்கிறதோ அதோடு ஓட வேண்டும். மிஞ்சுகிற பொதியை நிழலில் நிற்கும் கடைக்காரரிடமோ, முகத்தைப் பார்த்தால் நம்பலாம் என்று தோன்றுகிற வாடிக்கையாளரிடமோ கொடுப்போம். கொடுத்துவிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுகூட வந்திருக்கிறோம். லொறி உடனே போகாது, மூலையில் ஒளித்து நிறுத்திக் காத்திருப்பார்கள். உவர்மலை அக்கா பஸ்ஸுக்குப் போன பிறகு அவர் வந்து தேடியிருப்பார் என்பதுதான் என் எண்ணம். பொதியோடு ஒரு பெண் போய்விட்டாள் என்று அவரும் எங்கேயோ யாரிடமோ இதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பாலையூற்று ஓய்வூதியர்:
தம்பி, நீங்கள் நின்ற காலம் வேறு.

சாம்பல்தீவான்:
கயிறும் விசிலும் இன்றும் அப்படியே இருக்கின்றன என்று அக்கா எழுதியிருக்கிறாரே, ஐயா. வாசித்தீர்களா?

உவர்மலையாள்:
சண்டை வேண்டாம். அவர் கள்ளனா நல்லவரா என்று நான் கேட்கவே இல்லை. அத்தனை பேர் போய்வருகிற வீதியில், ஒரு கணம் பார்த்துவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்தார். பொதியைப் பாரமாக்கியது அதுதான். வீட்டில் அவரவர் ஒரு யோசனை சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு என்கிறார் அம்மா. நம்மூர் மத்திய வீதிக் கடைகளில் இதே சட்டை பஸ் கூலியும் சேர்த்து விற்கிறது, நீயும் விற்றுக் கணக்கை முடி என்கிறாள் தங்கை. இரண்டுக்கும் மனம் வரவில்லை. அடுத்த மாதம் கொழும்பில் ஒரு கல்யாணம் இருக்கிறது. பொதியையும் கொண்டுபோவதாகத்தான் இருக்கிறேன். முகம் நினைவிருக்கிறது, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

சாம்பல்தீவான்:
அக்கா, நடைபாதையில் அவரவர் இடம் அவரவருக்குத்தான், லேசில் மாறாது. காலை பத்து மணிக்கு முன் போகாதீர்கள், அப்போது பாதிப் பேர் விரித்திருக்க மாட்டார்கள். பொதியைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டு நடங்கள், அவரே கண்டுகொள்வார். மிச்சக் காசையும் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கிண்ணியாப் பலசரக்கு:
என்றைக்குப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். நானும் அந்தக் கிழமை சரக்கெடுக்கப் போகிறேன். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து போகும்போது அவர் கடை இடப்பக்கமா, வலப்பக்கமா?