மலைவீட்டுச் சொந்தங்கள் குழு: மேல்வயல் குறித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா (காலை 7.10): நிலத்தைப் பற்றித் தொலைபேசியில் பேசினால் நாளைக்கு ஆளுக்கொன்று சொல்வோம் என்பதால், எல்லோரும் இங்கேயே முழு வாக்கியங்களாக எழுதிவிடுங்கள். குரல் செய்தியும் கைகூப்பும் பொம்மைகளும் வேண்டாம். தம்பி இருந்திருந்தால் அவன் சொல்லியிருப்பான். இப்போது அவன் மனைவிதான் முதலில் சொல்லவேண்டும்.

அம்மா (7.32): பிள்ளைகளின் பெரியப்பாவுக்கு வணக்கம். கொடைக்கானல் பூம்பாறையில் உள்ள நம் மேல்வயலில் இரண்டு அறைகள் கட்டி, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று நினைக்கிறேன். போன போகத்துப் பூண்டை வடுகபட்டிச் சந்தையில் போட்டதில் வந்த பணம் விதைக்கும் வண்டி வாடகைக்கும் கூலிக்குமே சரியாகப் போய்விட்டது. விடுதி நடத்தும் எதிர்வீட்டுக்காரர்களோ ஒரு சனி ஞாயிறில் அதைவிட அதிகம் பார்க்கிறார்கள். பாப்பா கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து, வருகிறவர்களிடம் ஆங்கிலத்தில் பேசி, அறைப் பதிவையும் சாப்பாட்டையும் கவனித்துக்கொண்டால், கல்யாணம் ஆகும்வரை என் கண்முன்னே இருப்பாள்.

நான் (7.50): அம்மா, என்னை அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் சேர்த்த அன்று, "மலையை விட்டு இறங்குவதற்காகத்தான் உன்னை மலையிலேயே படிக்கவைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பேருந்தில் போய் மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால், விடியும் முன்பே பூண்டுத் தாளை முடிந்துவிட்டு நீங்கள் சோறு கட்டிய கையின் வாசனை மூடியில் இருக்கும். தோழிகள் கேலி செய்தார்கள் என்பதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று மண்ணில் கைவைக்காதே என்றீர்கள். இன்று முன்பின் தெரியாதவர்கள் படுத்தெழுந்த மெத்தையின் விரிப்பை மாற்ற வா என்கிறீர்கள். இதே கேள்வியை அண்ணனிடம் ஏன் கேட்கவில்லை?

அண்ணன் (8.15): நான் சென்னையில் குடும்பத்தோடு இருக்கிறேன், பையன் பள்ளியில் படிக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். வங்கிக் கடனுக்கு நான் கையெழுத்துப் போடத் தயார். நிலம் ஒரே பெயரில் இருந்தால் கடன் எளிதாகக் கிடைக்குமாம். எனவே தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டால் வேலை நடக்கும். எப்படியும் அவள் கல்யாணத்தின்போது எழுதிக்கொடுக்க வேண்டியதுதானே.

நான் (8.17): அப்படியானால் விடுதியை நடத்துவது நான், விடுதி நிற்கும் மண் உங்களுடையது, அப்படித்தானே அண்ணா?

பெரியப்பா (8.40): சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடுங்கள். மேல்வயல் தம்பி தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவன் உயில் எழுதாமல் போனதால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. நாடு முழுவதற்கும் அது 2005-இல்தான் வந்தது. கல்யாணத்தின்போது பெண் எழுதிக்கொடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அத்தை (8.52): அண்ணா, இந்தச் சட்டமெல்லாம் என் கல்யாணத்தின்போதும் இருந்ததல்லவா? தாலி கட்டுவதற்கு நான்கு நாள் முன்பு, ஜவுளி எடுக்கப் போகும் வழியில் பத்திர அலுவலகத்தில் என்னை இறக்கிக் கையெழுத்து வாங்கினீர்கள். அம்மா என் காதில், "நீ கேள்வி கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும்" என்றார். நான் படித்துப் பார்க்கவில்லை. அந்த அரக்குப் பட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது.

பெரியப்பா (9.30): அது உண்மைதான் தங்கச்சி. நான் மறுக்கவில்லை.

அத்தை (9.41): அதை இப்போது கிளறவேண்டாம், பாப்பாவுக்காகச் சொன்னேன். ஆனால் சுற்றுலாவே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். உங்கள் மாமா பெருமாள்மலையில் வாடகை வண்டி ஓட்டுகிறார். எங்கள் வீட்டு உலை அதில்தான் கொதிக்கிறது. 2024 மே 7-இல், மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் முன்பதிவு செய்து வாங்கவேண்டிய இ-பாஸ் வந்தபோது பயந்தோம்; 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உயர்நீதிமன்றம் அளவு வைத்தபோது இன்னும் பயந்தோம். ஆனால் அதற்கு முந்தைய ஒரு மே மாதத்தில், பேத்திக்குக் காய்ச்சல் கொதிக்க, வெள்ளி அருவிக்கு அருகில் வண்டி வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். முன்னால் நின்ற காரின் கூரைமேல் ஒரு பையன் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். எங்களுக்குச் சோறு போடுவதும் எங்களை நிறுத்திவைப்பதும் ஒரே வண்டிதான்.

நான் (10.05): அத்தை சொல்வதில் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டு விடுதி வந்தபிறகு ஊற்றிலிருந்து வரும் கருப்புக் குழாயில் நம் பங்குக்கு வருவது பாதியாகிவிட்டது. போன முறை வந்தபோது கீழ்ப்பாத்தியில் பூண்டுத் தாள் நுனி மஞ்சளித்திருந்ததைப் பார்த்தேன். இன்னும் இரண்டு குளியலறைகள் கட்டினால் கீழ்வயல்காரர்கள் நம்மைத்தான் கேட்பார்கள். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாலை வளைவில் காரை நிறுத்திப் படிக்கட்டு வயலைப் படம் எடுக்கிறவர்கள் அந்த வயலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதன்மேலேயே அறை கட்டினால் பிறகு எதைப் படம் எடுப்பார்கள்?

பெரியப்பா (10.12): மலைப்பகுதியில் கட்டட அனுமதி வாங்குவதும் விளையாட்டல்ல. கொடைக்கானலில் விதி மீறிக் கட்டிய விடுதிகளுக்கு 2019-இல் சீல் வைத்ததை மறந்துவிடாதீர்கள்.

அம்மா (10.58): நீங்கள் எல்லோரும் படித்தவர்கள், அழகாக எழுதுகிறீர்கள். நானும் எழுதிவிடுகிறேன். ஆறு மாதமாக எதிர்வீட்டு விடுதிக்குச் சனிக்கிழமை இரவுகளில் சமைக்கப் போகிறேன். நாற்பது பேருக்குச் சப்பாத்தி போட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் கூலி தருகிறார்கள். அடுத்தவர் அடுப்பில் வேகிறதை நம் அடுப்பிலேயே வேகலாமே என்று நினைத்தேன், அவ்வளவுதான். இரவில் அங்கே பாட்டு ஓயாது. போன மாதம் நள்ளிரவில் இரண்டு பேர் நம் கதவைத் தட்டி, தீ மூட்டிக் குளிர்காய விறகு கேட்டார்கள். நல்ல பிள்ளைகளாகத்தான் தெரிந்தார்கள். ஆனால் நான் கதவைத் திறக்காமல் விடியும்வரை அரிவாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கிறது, வந்து இரு என்று மகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தொழில் தொடங்கலாம் வா என்று கேட்க வந்தது.

நான் (11.03): அம்மா.

நான் (11.20): இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கப்போவதில்லை, நானும் உங்களிடம் நிறையச் சொன்னதில்லை. நான் சொல்வது இதுதான். வயலில் எதையும் கட்டவேண்டாம். அப்பா இருந்த முன்னறை சும்மாதானே கிடக்கிறது. அந்த ஓர் அறையைச் சரிசெய்து, குடும்பமாக வருகிறவர்களுக்கு மட்டும் கொடுப்போம். உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தால்தான் ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்வார்கள். அந்த உரிமையாளர் நீங்கள்தான். அறைப் பதிவைக் கோயம்புத்தூரிலிருந்தே நான் பார்த்துக்கொள்கிறேன், மாதம் இரண்டு வாரக் கடைசியில் வருகிறேன். வேலையை விடமாட்டேன். உங்கள் சமையலுக்கும் என் வேலைக்கும் கூலி இவ்வளவு என்று நோட்டில் எழுதி எடுத்துக்கொண்ட பிறகுதான் மிச்சத்தை மூன்றாகப் பிரிக்கவேண்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்.

அண்ணன் (11.48): ஓர் அறைக்குக் கடன் தேவைப்படாது. கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் வாசலுக்கு விளக்கும் கேமராவும் இந்த வாரமே என் செலவில் போட்டுவிடுகிறேன். பத்திரப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

அத்தை (11.50): இப்போதைக்கு என்ற சொல்லை அழித்துவிட்டு எழுது தம்பி.

அண்ணன் (12.06): பத்திரப் பேச்சை விட்டுவிடுகிறேன் அத்தை.

பெரியப்பா (12.15): வாரிசுச் சான்றிதழ் நகலை யாராவது எனக்கு அனுப்புங்கள். மூன்று பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு நாளைக்கே வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறேன்.

அம்மா (12.40): சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, மாலையில் படம் எடுத்து அனுப்புகிறேன். ஓர் அறை போதும் என்பதற்குச் சம்மதம். ஆனால் மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்துவேன் என்று மட்டும் யாரும் நினைக்கவேண்டாம். பாப்பா, வெள்ளிக்கிழமை அரசுப் பேருந்திலேயே வா, அதற்கு இ-பாஸ் கேட்கமாட்டார்கள். வரும்போது வத்தலக்குண்டில் இறங்கி இரண்டு கட்டுச் சணல் கயிறு வாங்கி வா. விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட வேண்டும்.