லைப்ரரி ஆப்ல மூணாவது பாகம் மட்டும் வரவே இல்ல, என்ன பண்றது?

எடிசன்வாசி:
நியூஜெர்சில இருக்கோம், அம்மா ஊர்லேர்ந்து 6 மாசத்துக்கு வந்திருக்காங்க. இங்கிலீஷ் துப்பறியும் கதைன்னா உயிர், கண்ணு கொஞ்சம் மங்கல்ங்கறதால லைப்ரரி கார்டுல லிபி (Libby)ங்கற ஈபுக் கடன் ஆப் வழியா எடுத்து கிண்டில்ல எழுத்த பெருசாக்கி குடுத்துருவேன், ஒரு சீரிஸ்ல ரெண்டு பாகம் அப்படியே முடிச்சாச்சு, மூணாவது மட்டும் எப்படி தேடினாலும் வரல. வெயிட்டிங் லிஸ்ட்கூட காட்டல. அமேசான்ல விலைக்கு இருக்கு. கார்டுல பிரச்சனையா? ஆப்ப அழிச்சு மறுபடி போட்டும் பாத்துட்டேன்.

பக்கத்துவீட்டு_வாசகன்:
கார்டெல்லாம் நல்லாத்தான் இருக்கும். அமேசான் பக்கத்துல கீழ பப்ளிஷர்னு ஒரு வரி வரும், என்ன போட்டிருக்கு?

எடிசன்வாசி:
தாமஸ் & மெர்சர்

நூலகப்பூனை:
அப்ப அதான் :) நான் வேற ஸ்டேட்ல லைப்ரரில வேலை பாக்கறேன். அது அமேசானோட சொந்த பதிப்பகம், மாண்ட்லேக், லேக் யூனியன், 47நார்த் எல்லாம் அதே குடும்பம். இவங்க ஈபுக்க ரொம்ப வருஷம் லைப்ரரிக்கு குடுக்கவே இல்ல. பேப்பர் புக்குன்னா நாங்க கடையில வாங்கி அடுக்கிட்டா யாரும் கேக்க முடியாது, ஈபுக்குக்கு லைசென்ஸ் வேணும், தரலன்னா கத அவ்ளோதான். 2021 மே மாசம்தான் டிஜிட்டல் பப்ளிக் லைப்ரரி ஆஃப் அமெரிக்கான்னு லைப்ரரிகளுக்கான ஒரு அமைப்போட ஒப்பந்தம் போட்டாங்க, சுமார் 10,000 புக்கு. லைசென்ஸ்ல நாலு விதம், ஒண்ணுல 40 தடவ கடன் குடுக்கலாம், ஒரே நேரத்துல 10 பேர் வரைக்கும். ஆனா அது வர்ற வழி வேற, பேலஸ்னு ஒரு ஆப் இருக்கு, உங்க லைப்ரரி அதுல இருக்கான்னு பாருங்க. முக்கியமா, அதுல எடுத்தத கிண்டில் மெஷின்ல படிக்க முடியாது, ஃபோன் இல்லன்னா டேப்லெட்தான். அமேசான் புக்கு, அமேசான் மெஷின், ரெண்டும் சேராது, என்னத்த சொல்ல.

மழைக்கால_ரீடர்:
எழுத்தாளரே சொந்தமா போட்ட புக்குன்னா வேற கத, கேடிபி செலக்ட்னு அமேசானுக்கு மட்டும் ஈபுக் குடுக்கற திட்டத்துல சேத்துட்டா 90 நாள் அந்த ஈபுக்க வேற கடையில விக்கக்கூடாது, டிக்க எடுக்க மறந்தா தானா அடுத்த 90 ஓட ஆரம்பிச்சிடும்.

நூலகப்பூனை:
ஆமா. பேலஸ் இல்லன்னா கவுண்டர்ல பேப்பர் புக்காவே கேளுங்க, வேற ஊர் லைப்ரரிலேர்ந்து வரவழைச்சு தருவாங்க.

எடிசன்வாசி:
பேலஸ்ல எங்க லைப்ரரி பேரு இருந்துச்சு, புக்கும் இருந்துச்சு! பழைய டேப்லெட்ல போட்டு குடுத்தேன். கை வலிக்குதாம், மடில தலகாணி வச்சு அது மேல சாய்ச்சு படிக்கறாங்க, இப்ப 12வது அத்தியாயம், சாப்பிட கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்கறாங்க.