இரண்டின் அடுக்கால் பெருக்கப் போய் மாட்டிய கதைகள்

நுண்மிதவை:
பெருக்கல்தானே, இதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஃபங்ஷன் என்று, சி மொழியில் (நம் பிசியில்) ஓர் எண்ணை இரண்டின் அடுக்கால் பெருக்கும் ஸ்கேல்ப்என்-ஐ (scalbn) ஒதுக்கி வைத்திருந்தவன் நான். வெக்டரின் நீளம் காணும் ரொட்டீன் ஒன்று எழுதினேன். எண்களை அப்படியே வர்க்கம் எடுத்தால் பெரியவை கொள்ளளவை மீறி ஓவர்ஃப்ளோ ஆகும், சிறியவை பூஜ்யமாகிவிடும். அதனால் இருப்பதிலேயே பெரிய எண்ணில் உள்ள 2-இன் அடுக்கை ஐலாக்பி (ilogb) என்ற ஃபங்ஷன் மூலம் எடுத்து, எல்லாவற்றையும் 1-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து கணக்குப் போடுவது வழக்கம். அந்தப் பெருக்கலுக்கு நான் போட்டது பவ் (pow), அடுக்கு காணும் சாதாரண ஃபங்ஷன்.

மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் 10^-320 அளவில் டேட்டா வந்தது. ஐலாக்பி −1064 என்றது, ஆகவே 2^1064-ஆல் பெருக்க வேண்டும். டபுளில், அதாவது 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில், 2-இன் அடுக்கு 1023-க்கு மேல் போகாது. பவ் கொடுத்தது இன்ஃப், அதாவது முடிவிலி. வெக்டரில் இரண்டு பூஜ்யங்களும் இருந்தன. பூஜ்யம் பெருக்கல் இன்ஃப் என்றால் நேன் (எண்ணே அல்ல என்ற விடை), நீளமும் நேன்.

தொடங்கிய எண்ணும் டபுளுக்குள் அடங்கும், முடிகிற எண்ணும் அடங்கும். இடையில் நானாக உண்டாக்கிய எண்தான் அடங்கவில்லை. ஸ்கேல்ப்என் அந்த இடை எண்ணை உண்டாக்காமலே அடுக்கை நகர்த்திவிடுகிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கடைசிபெஞ்ச்:
நான் 1-ஐ இடப்பக்கம் ஷிஃப்ட் பண்ணிப் பெருக்கினவன் அண்ணே. 32 பிட் இன்ட்ல 31 இடம் நகர்த்தினதும் மைனஸ் ஆயிடுச்சு. அடுக்கே மைனஸா வந்தா என்ன ஆகும்னு அப்ப யோசிக்கவே இல்ல.

பெருங்கணினிக்காரர்:
நம்மில் பலர் எல்டிஎக்ஸ்ப் (ldexp) என்ற ஃபங்ஷனும் ஸ்கேல்ப்என்-ம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். பிசியில் ஒன்றுதான். எல்டிஎக்ஸ்ப் எங்கு ஓடினாலும் 2-இன் அடுக்கால் பெருக்கும். ஸ்கேல்ப்என் பெருக்குவது எஃப்எல்டி_ரேடிக்ஸ் (FLT_RADIX, அந்தக் கணினியின் மிதவைப் புள்ளி எண்களுக்கான அடிமானம்) என்னவோ அதன் அடுக்கால். 1964-இல் வந்த ஐபிஎம் சிஸ்டம்/360-இன் மிதவைப் புள்ளி எண்களுக்கு அடிமானம் 16. அந்த வழக்கம் மெயின்ஃபிரேமில் இன்னும் இருக்கிறது. பிசியில் சோதித்த நிரலை அங்கே ஏற்றினோம். 1-ஐ 3 அடுக்கு நகர்த்தினால் 8 வர வேண்டிய இடத்தில் 4096 நின்றது. இரண்டு நாள் டேட்டாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். எல்டிஎக்ஸ்ப் என்று மாற்றியதும் சரியானது.

போர்டுமேய்ப்பன்:
என்னுடையது இதைவிடக் கேவலம். சின்ன போர்டு ஒன்றுக்கு நானே ஸ்கேல்ப்என் எழுதினேன். அடுக்கு −1022-க்குக் கீழே போனால் முதலில் 2^-1022-ஆல் பெருக்கு, மிச்சத்தை இரண்டாவது தவணையில் பெருக்கு. பார்க்க அழகாக இருந்தது.

0.75-க்கு அடுத்துக் கீழே உள்ள டபுளை எடுங்கள், 0.75 கழித்தல் 2^-53. அதை −1073 நகர்த்துங்கள். டபுளின் மிகச்சிறிய எண் 2^-1074, அதை ஓர் அலகு என்று வைத்தால் உண்மை விடை ஒன்றரை அலகுக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆகவே 1 அலகாக ரவுண்ட் ஆக வேண்டும். என் ஃபங்ஷனில் முதல் தவணையிலேயே சப்நார்மலுக்குள் (2^-1022-க்குக் கீழே, துல்லிய பிட்டுகள் குறையும் பகுதி) போய் அந்த மயிரிழை ரவுண்ட் ஆகிப் போனது. இரண்டாவது தவணையில் சரியாக ஒன்றரை, சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் போகும் விதிப்படி 2 அலகு. விடை இரண்டு மடங்கு!

பிறகு ஒவ்வொரு தவணையையும் 2^-969 ஆகச் சுருக்கினேன், 1022-இல் 53 போக மிச்சம். சப்நார்மலுக்குள் போவது கடைசித் தவணை மட்டுமே, ரவுண்டிங்கும் ஒரே தடவை. மஸல் (musl) என்ற சி லைப்ரரியிலும் இதே ஏற்பாடுதான்.

கடைசிபெஞ்ச்:
ஸ்கேல்ப்எல்என்-னு (scalbln) அடுக்கை இன்டுக்குப் பதிலா லாங்கா வாங்குற தம்பி ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?

பெருங்கணினிக்காரர்:
ஸ்கேல்ப்என் அடுக்கை வாங்குவது இன்ட்டாக; இன்ட் 16 பிட்டாக இருக்கலாம் என்று சி மொழியின் தரம் அனுமதிக்கிறது தம்பி, அப்போது உச்சம் 32767. இன்டெலின் 80 பிட் லாங் டபுளில் மிகச்சிறிய எண் 2^-16445, பெரியது 2^16384-ஐ ஒட்டி வரும். கீழிருந்து மேலே ஒரே தாவலில் போக இன்ட் பத்தாது.

நுண்மிதவை:
போர்டுமேய்ப்பன் சொன்ன 0.75 சோதனையை எங்கள் ஆபீஸ் போர்டின் லைப்ரரியில் இப்போதுதான் ஓட்டினேன். பர்சென்ட் ஏ (%a, எண்ணைப் பதினாறடிமானத்திலும் 2-இன் அடுக்கிலும் காட்டும் வடிவம்) போட்டு பிரிண்ட் செய்தேன், ரவுண்டிங் குழப்பமில்லாமல் அடுக்கு அப்படியே தெரியும். −1073 என்று நிற்கிறது. இரண்டு அலகு.