மும்பையில் படம் எடுக்கிறவர்களே, வெளிச்சமும் நிறமும் உங்களைப் படுத்திய கதையைச் சொல்லுங்கள்

மாட்டுங்கா கேமராக்காரர்:

எல்லோரும் என்ன லென்ஸ் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நான் கல்யாணம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம் என்று எடுத்துப் பிழைக்கிறவன். என்னைக் கேட்டால் லென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முகத்தில் விழுகிற வெளிச்சம் கடைசியாக எதில் பட்டு வந்தது என்று பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்துவிடும். சுவர், கூரை, தார்ப்பாய், பக்கத்தில் நிற்கிற மாமாவின் சட்டை, எல்லாமே விளக்குதான்.

சயானில் ஒரு பழைய கட்டடம், முதல் மாடி. ஜூலை மாதம், மழை விடவே இல்லை. கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் நடந்த அறையில் சுவர் முழுக்கப் பச்சை டிஸ்டெம்பர். இருப்பது ஒரே ஜன்னல். அதற்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் மேல் மழைக்காக இழுத்துக் கட்டிய நீலத் தார்ப்பாய். மேலே டியூப்லைட். பெண்ணின் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் பச்சை, நெற்றியில் மட்டும் வேறு ஏதோ வெள்ளை. வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமராவின் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை எங்கே வைத்தாலும் முகத்தில் ஒரு பகுதி கெடும்.

முதலில் டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். "இருட்டாயிடுமே தம்பி" என்றார்கள். அணைத்தால்தான் சரியாகும் என்று சொல்லி, பெண்ணை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்தேன். பச்சைச் சுவர் பக்கம் இரண்டு ஆணி இருந்தது. அவள் அப்பாவின் எட்டு முழ வேட்டியை வாங்கி அதில் கட்டினேன். "வேட்டியை ஏன்டா அங்க தொங்க விடறே?" என்று பாட்டி சத்தம் போட்டாள். அவ்வளவுதான், பச்சை போய்விட்டது. மிஞ்சியது நீலம் ஒன்று. ஒரே நிறமாக இருந்தால் கேமராவைச் சமாளிக்க வைக்கலாம்: பெண்ணின் தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லி அதை எடுத்து, அதை வைத்தே கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் செய்தேன். வேட்டியிலிருந்து திரும்பிய மெல்லிய வெளிச்சத்தில் மறு கன்னமும் நன்றாக வந்தது. நிறம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஒன்றாக இருந்தால் பிழைக்கலாம். இரண்டு கலந்தால்தான் எடிட்டிங்கில் உயிர் போகும்.

வேட்டி வித்தை என் கண்டுபிடிப்பு இல்லை. 1956-ல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில், காசி வீட்டு முற்றத்தை கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்கை அதில் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் படம் எடுத்தார். முற்றத்தில் வெயில் நேராக விழாது, வானத்திலிருந்து பரவித்தான் இறங்கும். அந்த நிழலில்லாத வெளிச்சம் வேண்டியிருந்தது அவருக்கு. இன்றைக்கு நாம் ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பிச் சுடுவதும் அதே வேலைதான். கூரை வெள்ளையா என்று மட்டும் முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். சில மண்டபங்களில் தேக்கு நிறப் பலகை அடித்திருப்பார்கள். அதில் அடித்தால் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் காமாலை.

அப்புறம் நேரம். சென்னையிலிருந்து வருகிற சம்பந்தி வீட்டார் எப்போதும் இதில் ஏமாறுகிறார்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. மும்பை ஏறக்குறைய 72.8-ல் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.39-க்கு. சென்னையில் 12.09 வாக்கில். தை மாதத்தில் சென்னையில் காலை ஆறே முக்காலுக்கு வெயிலே வந்திருக்கும். இங்கே அப்போது தெருவிளக்குதான் எரியும், சூரியன் வர ஏழே கால் ஆகும். ஏழரை முகூர்த்தத்துக்கு ஆறே முக்கால் காசி யாத்திரை என்றால், குடையும் தடியுமாக மாப்பிள்ளை இருட்டில் நடப்பார். பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் உதயம் மாற்றித்தான் கணக்குப் போடுகிறார்கள். போட்டோ எடுக்கிறவர்களும் போட்டால் என்ன? நான் முன்னாலேயே சொல்லிவிடுவேன்: காசி யாத்திரையை அரை மணி தள்ளுங்கள், இல்லையென்றால் வாசலில் இரண்டு மஞ்சள் ஹாலஜன் வையுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், ஏறினால் நீலம். ஹாலஜன் 3000 கெல்வின் பக்கம் இருக்கும். ஃபிளாஷ் 5500. அதனால் ஃபிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல் (நிறக் கண்ணாடித்தாள்) ஒட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜெல் இல்லாமல் எடுத்தால் மாப்பிள்ளை முகம் வெளுத்து, பின்னால் தெரு முழுக்க மஞ்சள்.

மேடை விளக்குக்காரருடன் சண்டை போடாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். நீலமும் மெஜந்தாவுமாகச் சுற்றுகிற எல்இடி. சுத்த நீல வெளிச்சத்தில் சிவப்பே கிடையாது. இல்லாத சிவப்பை அரக்குப் புடவை எப்படித் திருப்பி அனுப்பும்? கறுப்பாகத்தான் தெரியும். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. நான் முதல் நாளே விளக்குக்காரரைத் தேடிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணா, மாங்கல்யதாரணத்துக்கு மட்டும் கலர் எல்லாம் நிறுத்தி வெள்ளை போட்டுடுங்க" என்று சொல்லி வைப்பேன். ரிசப்ஷனுக்கு அவர் இஷ்டம். இன்னொன்று, படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை வந்தால் கேமரா பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். சில மலிவான எல்இடிக்கு இதுவும் எடுபடாது, சோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

செம்பூர் ஜவுளி:

நான் கல்யாணம் எடுப்பதில்லை. வீட்டிலிருந்தே காஞ்சிபுரம், ஆரணிப் பட்டு விற்கிறேன், படமும் நானே எடுக்கிறேன். திரும்பி வருகிற புடவைகளில் பாதிக்கு ஒரே காரணம்: "படத்துல இருந்த கலர் இல்ல."

மயில் கழுத்து நிறம்தான் பெரிய வில்லன். பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. கேமராவுக்கு மேலேயே விளக்கை வைத்து நேராக அடித்தால் இரண்டும் கலந்து ஒரு செத்த நீலம் வரும், ஜரிகை வெறும் வெள்ளையாக எரிந்துபோகும். நான் இப்போது புடவையைப் பலகையில் விரிப்பதே இல்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு கம்பியில் மடிப்பு மடிப்பாகத் தொங்க விடுகிறேன். மடிப்பின் மேட்டில் ஒரு நிறம், பள்ளத்தில் இன்னொன்று. வாங்குகிறவர்களுக்கு இரண்டும் தெரிந்துவிடுகிறது. ஜரிகைக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை, அதைக் கொஞ்சம் அசைத்தால் கரை முழுக்க மினுக்கும், எரியாது.

எங்கள் ஜன்னல் வடக்குப் பார்த்தது, வருஷத்தில் பெரும்பகுதி நேர் வெயில் வராது. மே கடைசியிலும் ஜூன், ஜூலையிலும் மட்டும் தகராறு. மும்பை கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அந்த நாட்களில் மதியச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறான். மழைமேகம் இருந்தால் தப்பித்தேன்.

சிவப்புப் புடவைக்கு ஒரு விஷயம். கேமராவின் பின்னால் காட்டுகிற வெள்ளை ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாக வருகிற வரைபடத்தை, நம்பாதீர்கள். அது சரியாக இருக்கிறது என்று சொல்லும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும், நெசவே தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் சிவப்பு வரும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பு வலது ஓரத்தில் முட்டாமல் நிற்கும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். இருட்டாக வந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

ராத்திரி எடுக்கிறவர்கள் பல்ப் அட்டையில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண்) 90-க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அரக்கும் குங்கும நிறமும் ஒன்றுபோலத் தெரியும்.

தாராவி 90 அடி ரோடு:

பொங்கல் அன்னைக்கு எங்கள் ரோட்டுக்கு வாருங்கள். வரிசையாக அடுப்பு, வரிசையாகப் பானை, கேமராவோடு கூட்டம். வருகிற எல்லோரும் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்று எடுக்கிறார்கள். அப்படி நின்றால் புகை சாம்பல் திரை மாதிரி எல்லாவற்றையும் மூடிவிடும். நான் சுற்றிப் போய் வெயிலுக்கு எதிரே நிற்பேன். புகைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது ஒவ்வொரு சுருளும் தனியாகத் தெரியும், பானை விளிம்பில் நுரை பளபளக்கும். முகம் இருட்டாகிவிடுமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறேன். ஒரு மீட்டர் தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் என் சட்டையில் பட்ட வெயில் திரும்பி அக்காக்களின் முகத்தில் விழும். அடுப்பு நெருப்பும் கீழிருந்து கொஞ்சம் கொடுக்கும்.

"ஏ தம்பி, பொங்கி வழியுறப்ப எடுக்காம புகையை எடுத்துக்கிட்டு கெடக்க" என்று போன வருஷம் ஒரு திருநெல்வேலி ஆச்சி திட்டினார். பொங்குவதையும் எடுத்தேன், சும்மா சொல்லக்கூடாது, குலவை போடுகிற அந்த ஒரு நொடிப் படத்தைத்தான் எல்லோரும் வாங்கினார்கள்.

சிவப்பு டீசர்ட் போட்டுக்கொண்டு யாரும் கிட்டே போகாதீர்கள். எடுக்கிற முகமெல்லாம் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும்.

நெருள் புதுசு:

எனக்கு ஒரு சந்தேகம். எங்க அக்கா நல்ல கறுப்பு. நேரில் அவ்வளவு அழகாக இருப்பாள். எந்த ஃபங்ஷன் ஆல்பத்தைப் பார்த்தாலும் சாம்பல் பூசினது போல இருக்கிறாள், இல்லையென்றால் அடையாளமே தெரியாமல் வெள்ளையாக்கிவிடுகிறார்கள். அது கேமரா கோளாறா, எடுத்தவர் கோளாறா? என்னிடம் மொபைல்தான் இருக்கிறது.

மாட்டுங்கா கேமராக்காரர்:

எடுத்தவர் கோளாறு. கொஞ்சம் சரித்திரமும் இருக்கிறது. பிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் ஒரு அட்டை அனுப்பும், ஷர்லி கார்டு என்று பெயர். அதில் பல வருஷம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும்தான். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. நம் தோல் எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இன்றைய கேமராவுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஆனால் வெளிச்சத்தை அளக்கிற அதன் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் நினைக்கும். கறுப்பு முகத்தை முழுக்க நிரப்பி எடுத்தால் வெளிச்சத்தை ஏற்றிவிடும், வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினால் இறக்கிவிடும். இரண்டும் தப்பு.

கறுப்புத் தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. நேராக ஃபிளாஷ் அடித்தால் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, மற்றதெல்லாம் சப்பை. பக்கவாட்டில் பெரிய ஜன்னல் இருந்தால் நெற்றி, கன்னமேடு, மூக்கு ஓரம் என்று வழுவழுப்பாக ஒரு கோடு ஓடும். முகத்தை உருவாக்குவது அந்தக் கோடுதான். சாம்பல் பூசினது போல வருவது முக்கால்வாசி நீலம் கலந்த வெளிச்சத்தாலும் மட்டமான எல்இடியாலும். ஜவுளி அக்கா சொன்ன அதே சிவப்புக் குறைவு, புடவைக்கு வருவது தோலுக்கும் வரும்.

"கொஞ்சம் கலரா போடுங்க" என்று ஆல்பம் நேரத்தில் கேட்காத குடும்பம் குறைவு. நான் செய்வதில்லை என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன். சில ஆர்டர் போயிருக்கிறது, போகட்டும். முகத்தை வெளுத்து, கழுத்தையும் கையையும் மறந்துவிட்ட ஆல்பங்கள் ஊர் முழுக்கக் கிடக்கின்றன.

மொபைலுக்கு: பியூட்டி மோடு, அழகுபடுத்துகிற ஃபில்டர், எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அக்காவைக் குழல்விளக்குக்குக் கீழே நிற்க வைக்காதீர்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில், பின்னால் அடர்ந்த நிறச் சுவரோ திரையோ இருக்கிற மாதிரி உட்கார வையுங்கள். கன்னத்தின் வெளிச்சமான பக்கத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வருகிற சூரியக் குறியை, நேரில் தெரிகிற அளவுக்குத் தோல் வரும்வரை மெதுவாக இறக்குங்கள்.

வெளியே எடுக்க ஆசை என்றால், கேட்வே கிழக்குப் பார்த்தது, விடிகாலை போங்கள். மரைன் டிரைவ் மேற்கு, மாலைதான். சூரியன் கடலில் விழுந்த பிறகு ஒரு பத்து, பதினைந்து நிமிடம் வானமே ஒரு பெரிய விளக்காக இருக்கும், அக்காவைக் கடல் பக்கம் முகம் பார்க்க உட்கார வைத்து எடுங்கள். தெருவிளக்கு ஏறி வானம் இறங்கிவிட்டால் மறுபடி இரண்டு நிறம் கலக்கும், அதற்குள் முடித்துவிடுங்கள். ட்ரைபாட் விரித்தால் அனுமதி கேட்பார்கள், கையிலேயே பிடித்து எடுங்கள்.