போலியூ – சேன் ழான் கடலோர நடை: வழியில் சந்தித்தவர்கள்

புதுவைக்காரன்:

தென் பிரான்ஸ் போகிறவர்கள் பெரும்பாலும் நீஸ், மொனாக்கோ என்று முடித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் போலியூ-சுர்-மெர் என்று ஒரு ரயில் நிலையம் வரும், அங்கே இறங்கிப் பாருங்கள். அங்கிருந்து கடலை ஒட்டியே சேன் ழான் கப் ஃபெரா என்ற ஊர் வரை ஒரு நடைபாதை போகிறது. மொரீஸ் ரூவியே என்ற பழைய பிரதமரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஏற்ற இறக்கம் இல்லை. முட்டி வலிக்காரரான என் அம்மா நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததோடு சரி.

ஒரு பக்கம் கடல். மறு பக்கம் பூராவும் பங்களா மதில்கள். உலகத்திலேயே விலை கூடிய வீடுகள் இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அம்மாவுக்கு அதுதான் சந்தேகம்: "அவங்க வாசல்ல நடக்கிறோமே, ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

சொன்னார்கள். சேன் ழான் தாண்டி, பலோமா கடற்கரை பக்கமாக சேன்த்தோஸ்பிஸ் முனையைச் சுற்றும் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வீட்டுக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட காவலாளி படி இறங்கி வந்து, இது தனியார் இடம், திரும்பிப் போங்கள் என்றார். நான் கிளம்பவே பார்த்தேன். பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி, இரண்டு கைகளிலும் நடைக்கோல், எங்களைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றார். குரலை உயர்த்தவே இல்லை. ஒரு கோலைக் கடல் பக்க விளிம்பில் ஊன்றி, இன்னொன்றைக் காவலாளியின் ஷூவுக்குப் பக்கத்தில் ஊன்றி, "மூன்று மீட்டர்" என்றார், அவ்வளவுதான். காவலாளி தோளைக் குலுக்கிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அப்புறம் பாட்டி எங்களோடேயே நடந்தார், வழியெல்லாம் பேச்சு. கடத்தல்காரர்களைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் ரோந்து போன பாதைகள்தாம் பிரான்ஸ் கடலோரத்தில் இப்படி நிறைய இருக்கின்றனவாம். 1976 டிசம்பர் 31-ஆம் தேதிச் சட்டம், கடலை ஒட்டிய தனியார் நிலத்தில் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடப்பவர்களுக்கு வழி விடச் சொல்கிறது. ஆனால் அதற்கு முன்பே கட்டிய வீடு பதினைந்து மீட்டருக்குள் இருந்தால் பொதுவாக விலக்கு உண்டு. சில இடங்களில் பாதை திடீரென்று கடலை விட்டு ரோட்டுக்கு ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். "பழைய பணக்காரன் தப்பிச்சுட்டான், புதுப் பணக்காரன் மாட்டிக்கிட்டான்" என்று அம்மா தீர்ப்பு சொன்னார். பிரெஞ்சில் மாற்றிச் சொன்னேன். பாட்டி சிரித்த சிரிப்பில் கோல் ஒன்று கீழே விழுந்தது.

முனையில் ஒரு சிறு கோயில், பக்கத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு மேல் மாதா சிலை, முதல் உலகப் போரில் இறந்த பெல்ஜிய வீரர்களின் கல்லறைகள். ஆறாம் நூற்றாண்டில் ஓஸ்பிசியுஸ் என்ற துறவி இங்கே ஒரு கோபுரத்தில் உடம்பில் இரும்புச் சங்கிலி சுற்றிக்கொண்டு இருந்தாராம். சாப்பாடு ரொட்டியும் கொஞ்சம் பேரீச்சம்பழமும். தவக்காலத்தில் அதுவும் கிடையாது, வியாபாரிகள் கொண்டுவந்து கொடுக்கும் எகிப்துச் செடிகளின் வேர்கள்தான். கொள்ளையடிக்க வந்த லொம்பார்டியர்கள் சங்கிலியைப் பார்த்து, என்ன குற்றம் செய்தாய் என்று கேட்டபோது, கொலைகாரன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். வெட்டக் கத்தி ஓங்கியவனின் கை அப்படியே விறைத்துப் போனதாம். தூர் நகர ஆயர் கிரெகரி அந்தக் காலத்திலேயே எழுதி வைத்த கதை இது. கையைச் சரிசெய்ததும் அதே துறவிதான்.

திரும்பும்போது பாறையில் ஒருவர் பேய்க்கணவாயைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். எட்டுக் காலையும் சேர்த்துப் பிடித்து, துணி துவைப்பது போல ஒரே சீராக அடி. அடிக்க அடிக்க நுரை கிளம்பி, சதை பழுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறியது. அம்மா குனிந்து ஒரு காலை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து அடி என்று விரலால் காட்டினார். மனுஷன் மறுபேச்சில்லாமல் அடித்தார். தக்காளியும் சிவப்பு வைனும் போட்டு வேகவைப்பேன் என்றார். வைனா என்று அம்மா முகத்தைச் சுளித்தார், மிளகு போடச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

லியோன் அக்கா:

தம்பி சொன்ன இரண்டு பாதையும் சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் கப் ஃபெரா முனையின் மேற்குப் பக்கம், கலங்கரை விளக்கத்தைச் சுற்றிப் போவது வேறு கதை. கல்லும் கரடுமாக இருக்கும், நிழல் குறைவு. ஆகஸ்ட் மதியத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

இன்னொன்று. மத்தியதரைக் கடலில் ஓதம், அதாவது கடல் தினமும் ஏறி இறங்குவது, பெரும்பாலான இடங்களில் ஒரு முழம்கூட ஏறாது. அதனால்தான் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே பாதை போட முடிகிறது, நமக்கும் பயம் விட்டுப்போகிறது. காற்று எழும்பினால் அலை நேரே பாதை மேல்தான். நீஸுக்கு மேற்கே அந்திப் என்ற ஊரின் முனைப் பாதைக்கு நாங்கள் போன அன்று வெயில் பளீரென்று இருந்தது, கம்பிக் கதவோ பூட்டியிருந்தது. வெயில் அடிக்கிறதே என்றேன். நகராட்சி ஊழியர் என்னைக் கதவருகே கூப்பிட்டு, கைப்பிடிக் கம்பியைத் தடவிப் பார்க்கச் சொன்னார். உப்பு நீர் சொட்டியது. அந்த இடம் கடலுக்கு மேலே நல்ல உயரம்! வாயை மூடிக்கொண்டு காபி குடிக்கப் போனேன்.

கட்டடக்காரி:

மொனாக்கோவுக்குக் கொஞ்சம் கிழக்கே ரோக்புரூன் கப் மார்த்தான் பக்கமும் இதே மாதிரி ஒரு கடலோரப் பாதை உண்டு, ல கோர்புசியே பெயரில். சண்டிகரை வடிவமைத்த அதே ஆள். அங்கே அவர் தனக்கென்று 1952-இல் கட்டிக்கொண்ட மரக் குடில், 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், ஒரே அறை. அந்தக் கடலில் நீந்தப் போனவர்தான் 1965 ஆகஸ்ட் 27 அன்று இறந்தார். 2016 முதல் குடில் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

நான் போனபோது கேட் பூட்டு. வெளியே ஒரு பஞ்சாபித் தம்பதி, சண்டிகர்க்காரர்கள். கணவர் ஓய்வு பெற்ற அரசாங்க எஞ்சினியராம். பாதையிலேயே நாலடி அப்படி, நாலடி இப்படி என்று நடந்து அளந்து மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "எங்கள் ஊரில் ஒரு ரவுண்டானாவைக் கடக்கவே இதைவிட நேரம் ஆகும்" என்றார் அந்த அம்மா. கணவருக்கு அது பிடிக்கவில்லை, நாலு வரி விளக்கம் கொடுத்தார். அந்த அம்மா கேட்கவில்லை, என்னிடம் பரோட்டா சுருட்டி நீட்டினார். எலுமிச்சை ஊறுகாயோடு.

போகிறவர்கள் முன்பதிவு செய்துகொண்டு போங்கள், வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள். ரோக்புரூன் ரயில் நிலையத்தில் இறங்கினால் பாதை பக்கத்திலேயே.